கண்டி நகருக்குள் பழைய வீடு வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கட்டுக்கலை, மலபார் வீதி, திருகோணமலை வீதி, வாவிக்கரை என்று கண்டி டவுனுக்குள் பழைய வீடு தேடுகிறவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே போட்டிருக்கிறோம். சட்டம் பற்றிய பதில்கள் பொதுவானவை. குறிப்பிட்ட ஒரு வீட்டின் உறுதியை (சொத்துப் பத்திரத்தை) உங்கள் நொத்தாரிசுதான் (உறுதி எழுதும் சட்டத்தரணி) வாசித்துச் சொல்ல வேண்டும்.

1. பழைய டவுன்னு எதைச் சொல்றாங்க? அங்க வீடு வாங்கினா யார் யாரைக் கேக்கணும்?

தலதா மாளிகை, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்து வாவி, அவற்றுக்கு மேற்கே கட்டம் போட்டதுபோல் ஓடும் வீதிகள் ஆகியவைதான் பழைய நகரின் நடுப்பகுதி. 1988இல் யுனெஸ்கோ கண்டியை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதற்காக இங்குள்ள ஒவ்வொரு வீடும் அரசாங்கச் சொத்து ஆகிவிடவில்லை. வழக்கம்போல் வாங்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதலாம்.

கேட்க வேண்டிய இடங்கள் மூன்று. கட்டட அனுமதிக்கும் வரிக்கும் கண்டி மாநகர சபை. வீதியின் தோற்றம், கட்டட உயரம், நிலப் பயன்பாடு ஆகியவற்றுக்கு நகர அபிவிருத்தி அதிகார சபை (1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம்). தொன்மைக்குத் தொல்பொருளியல் திணைக்களம் (1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம்). கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன 1815 மார்ச் 2ஆம் தேதிதான் அந்தக் கட்டளைச் சட்டத்தின் எல்லைக்கோடு. அதற்கு முந்தியது புராதனக் கட்டடம். பிந்தியதையும் வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாப்புக்குள் கொண்டுவரலாம்.

2. "லிஸ்ட்ல இருக்கிற வீடு"ன்னு புரோக்கரே சொல்லிட்டார். அப்ப கிட்டயே போகக் கூடாதா?

போகலாம். லிஸ்ட் என்பது பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியல். அந்த வீட்டில் எதை மாற்ற முடியாது என்று தெரிந்துகொண்டு விலை பேசினால் போதும். வீதியைப் பார்க்கும் முகப்பு, பல்கனி, கூரையின் சாய்வு, உயரம் ஆகியவற்றில்தான் கை வைக்க விட மாட்டார்கள். குசினியையும் குளியலறையையும் மாற்றுவது அவ்வளவு பெரிய வழக்கு ஆகாது.

வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். வரிமதிப்பீட்டு இலக்கம், வீதிப் பெயர், நில அளவைப் படத்தின் பிரதி ஆகியவற்றை வைத்து, "இந்தக் கட்டடம் பாதுகாக்கப்பட்டதா, இங்கே எத்தனை மாடி அனுமதி" என்று நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் தொல்பொருளியல் திணைக்களத்துக்கும் எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வரும் வரை முற்பணம் கொடுக்காதீர்கள். பட்டியலில் உள்ள வீடு என்பது விலையைக் குறைத்துக் கேட்க நல்ல காரணமும்கூட. இடித்துவிட்டுக் கடைத்தொகுதி கட்ட நினைக்கிறவர்கள் அந்தப் பக்கம் வர மாட்டார்கள்.

3. முப்பது வருச உறுதி பார்த்தா போதும்னு லோயர் சொல்றார். போதுமா?

வங்கிக்குப் பெரும்பாலும் போதும். பழைய டவுன் வீட்டுக்கு அதற்கும் பின்னால் போவது நல்லது. சிக்கலைக் கிளப்பும் நன்கொடை, மரணசாசனம் (உயில்), பங்குப் பிரிப்பு எல்லாம் பல வீடுகளில் அந்த முப்பது வருடத்துக்கு முந்தியே நடந்திருக்கும்.

கண்டி காணிப் பதிவகத்தில் தேடும்போது இரண்டு இடங்களில் தடுக்கும். ஒன்று வீதிப் பெயர். பழைய உறுதியில் வார்ட் வீதி என்றிருப்பது இன்றைய தலதா வீதி. திருகோணமலை வீதி என்றிருப்பது டி.எஸ். சேனாநாயக்க வீதி. வரி இலக்கமும் பல தடவை மாறியிருக்கும். மற்றது அளவு. பழைய உறுதிகளில் "இத்தனை லாகா நெல் விதைப்பு நிலம்" என்று எழுதியிருப்பார்கள். பத்து லாகா ஒரு பேல, நாலு பேல ஒரு அமுணம். விதை எவ்வளவு போகும் என்பதை வைத்துச் சொன்ன அளவு இது. மண்ணுக்கு மண் மாறும். அதைப் பேர்ச்சாக மாற்றிக் கணக்குப் போட்டு, "உறுதியில் பதினைந்து பேர்ச் இருக்கு" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பதிவு பெற்ற நில அளவையாளரை வைத்துப் புதிதாக அளந்து, எல்லைகளைப் பழைய படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. டவுனுக்குள் அரைப் பேர்ச் குறைந்தாலும் பெரிய காசு.

எழுதி முடிந்த உறுதியின் இரண்டாம் பிரதியை நொத்தாரிசு அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். அதுவரை காத்திருக்காமல் உடனே பதியச் சொல்லுங்கள். ஒரே காணிக்கு இரண்டு உறுதி எழுதப்பட்டால், முதலில் பதிந்தவருக்கே முன்னுரிமை.

4. முத்திரைக் கட்டணம் எவ்வளவு வரும்?

விலைக்கு வாங்கும் உறுதிக்கு முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 2 கோடி ரூபா வீடென்றால் 3,000 + 7,96,000 = 7,99,000 ரூபா. இது வாங்குபவர் செலவு. உறுதியில் விலையைக் குறைத்துப் போட்டுத் தப்பலாம் என்று சொல்லும் ஆட்கள் உண்டு. மதிப்பீடு சந்தைப் பெறுமதியைப் பார்த்தே வரும். நாளைக்கு வங்கிக் கடன் கேட்கும்போதும் அந்தக் குறைந்த விலையே காலைப் பிடிக்கும். நொத்தாரிசின் கட்டணம் தனி. அதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

5. அண்ணன் தம்பி ஆறு பேருக்குப் பொதுவான வீடு. ஒருத்தர் மட்டும் தன் பங்கை விக்கிறார், விலையும் மலிவு. வாங்கலாமா?

வாங்கினால் உங்களுக்கு வருவது ஓர் அறையோ மாடியோ அல்ல. வீட்டின் ஒவ்வொரு செங்கல்லிலும் ஆறில் ஒரு பங்கு வரும். பின்கட்டை நீங்கள் பூட்டி வைத்துக்கொண்டாலும் மற்ற ஐந்து பேருக்கும் அதில் உரிமை உண்டு. பிரிக்க வேண்டுமென்றால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்குப் பிரிப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு. ஏழெட்டுப் பேர்ச் வீட்டை ஆறாகப் பிரிக்க முடியாது. கடைசியில் ஏலத்தில்தான் போய் நிற்கும்.

பங்குக் கணக்கையும் சரி பாருங்கள். மரணசாசனம் இல்லாமல் இறந்த மலையகத் தமிழரின் சொத்து 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி மனைவிக்கோ கணவனுக்கோ பாதி, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். பெண் பிள்ளைகளும் அதில் அடக்கம். "தங்கச்சிக்குச் சீதனம் குடுத்தாச்சு, அவளுக்குப் பங்கில்ல" என்று வீட்டில் பேசிக்கொள்வது உறுதியில் நிற்காது. எல்லோரும் ஒரே நாளில் ஒரே உறுதியில் கையெழுத்து வைத்தால் மட்டும் வாங்குங்கள்.

பங்கு வழக்கு ஏற்கெனவே நடந்தால், அதன் அறிவித்தல் காணிப் பதிவேட்டில் இருக்கும். அந்த வரியைக் கண்டால் வழக்கு முடியும் வரை ஒதுங்கி நில்லுங்கள்.

6. வீட்டுக்காரங்க எழுபதுகள்ல இந்தியா போயிட்டாங்க. சொந்தக்காரர் ஒருத்தர் இருந்து பாத்துக்கிறார். அவர் எழுதித் தருவாராம்...

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் போனவர்களின் வீடுகளில் இது அடிக்கடி வரும். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். "பத்து வருசத்துக்கு மேல இருக்கேன், எனக்குத்தான் சொந்தம்" என்று அவர் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தைக் காட்டுவார். பத்து வருடம் இருந்தால் மட்டும் போதாது. உரிமையாளருக்கு எதிராக, அவருடைய உரிமையை மறுத்து இருந்திருக்க வேண்டும். உறவினர், காவலாளி, வாடகைக்காரர் என்று அனுமதியோடு நுழைந்தவர்கள் இதை நிரூபிப்பது மிகக் கடினம். நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் இந்த வாதத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

உரிமையாளர் தமிழ்நாட்டில் உயிரோடு இருந்தால், சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் உறுதிப்படுத்திய தத்துவப் பத்திரம் (அவர் சார்பில் கையெழுத்து வைக்க இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) வேண்டும். அதை இங்கே பதிந்த பிறகே அதன்படி உறுதி எழுதலாம். எழுதிக் கொடுத்தவர் இறந்த நொடியிலேயே தத்துவப் பத்திரமும் செத்துவிடும். ஆகவே கையெழுத்து நாளுக்கு முன் அவரோடு வீடியோ அழைப்பில் பேசுவது வீண் சடங்கு அல்ல. அவர் இறந்துவிட்டிருந்தால் வாரிசுகளுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்கு. பங்குக் கணக்குக்கு 5ஆம் பதிலைப் பாருங்கள்.

7. விக்கிறவருக்கு அவங்க அப்பா நன்கொடையா எழுதிக் குடுத்த வீடு. உறுதி சுத்தமா இருக்கு. இதுல என்ன பிரச்சினை?

கண்டியில் வீடு வாங்குகிற தமிழர் பலருக்குத் தெரியாத குழி இது. விற்பவர் கண்டிச் சிங்களவராக இருந்தால், அந்த நன்கொடைக்குக் கண்டியச் சட்டம் பொருந்தும். 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நன்கொடை கொடுத்தவர் தன் வாழ்நாளுக்குள் யாரையும் கேட்காமல் அதை ரத்துச் செய்யலாம். ரத்தானால் அந்த நன்கொடை செல்லாது. அதன்மேல் நீங்கள் வாங்கிய உரிமையும் ஆட்டம் காணும். விகாரைக்குக் கொடுத்தது, திருமணத்தை முன்னிட்டுக் கொடுத்தது, ரத்துச் செய்யும் உரிமையை உறுதியிலேயே கைவிட்டது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு.

செய்ய வேண்டியது: கொடுத்தவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழின் பிரதியை வாங்கி உறுதிக் கட்டோடு வையுங்கள். உயிரோடு இருந்தால் விற்பனை உறுதியில் அவரும் ஒரு தரப்பாகக் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் வர மறுத்தால், அந்த மறுப்பே பதில். இடையில் வேறு ரத்து உறுதி எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பதிவேட்டில் கடைசி வரி வரை தேடச் சொல்லுங்கள்.

8. விகாரைக் காணி, தேவாலயக் காணின்னு சொல்றாங்களே. வீடு மட்டும் நம்மளோடதா இருந்தா பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் (விஷ்ணு, கதிர்காமம் போன்ற தெய்வங்களின் கோயில்கள்) உரிய நிலம் 1931ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்துக்குள் வருகிறது. அதை விற்க முடியாது. குத்தகைக்குக் கொடுக்கவும் பௌத்த அலுவல்கள் ஆணையாளரின் அனுமதி வேண்டும். நீங்கள் வாங்குவது மீதிக் குத்தகைக் காலம் மட்டும் என்றால் அதற்குத் தகுந்த விலைதான். குத்தகையை மாற்ற எழுத்து அனுமதியும் வேண்டும். பரம்பரையாகச் சேவைக் கடமையோடு வரும் பங்குகளும் உண்டு. உறுதியில் இராஜகாரியம் (அந்தச் சேவைக் கடமை) பற்றி ஒரு சொல் இருந்தாலும் நொத்தாரிசிடம் அந்த இடத்தைக் காட்டி விளக்கம் கேளுங்கள்.

9. கீழ ஒரு கடைக்காரர் நாப்பது வருசமா இருக்கார். நாங்க வாங்கிட்டா காலி பண்ணிடலாம்தானே?

முடியாமலே போகலாம். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் பழைய வாடகைக்காரரை இறுக்கமாகக் காக்கிறது. "எனக்கு இருக்க வேணும்" என்பது வெளியேற்ற ஒரு காரணம்தான். ஆனால் வாடகைக்காரர் வந்த பிறகு கட்டடத்தை விலைக்கு வாங்கியவருக்கு அந்தக் காரணத்தை வைத்து வழக்குப் போடப் பொதுவாக 22ஆம் பிரிவு இடம் தருவதில்லை. உங்களுக்கு விற்றுவிட்டுப் போகிறவருக்கு இருந்த வழியும் உங்களுக்கு இல்லாமல் போகிறது. சட்டத்திலிருந்து விலக்குப் பெற்ற கட்டடங்களும் உண்டு. மாநகர சபை வரி ஏட்டில் உள்ள ஆண்டுப் பெறுமதியை வைத்து உங்கள் வழக்கறிஞர் அதைச் சொல்லலாம்.

ஆகவே காலி செய்யும் வேலை விற்பவருடையது. அவரே வாடகைக்காரரோடு பேசி, எழுதி, கட்டடம் காலியான பிறகு உறுதி. "சும்மா இருக்கிற தூரத்துச் சொந்தம்" என்று சொல்லப்படுகிறவரையும் வாடகைக்காரராகவே எண்ணி விசாரியுங்கள். கூடவே, 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டத்தில் அந்த வீடு தேசிய வீடமைப்பு ஆணையாளருக்குப் போயிருந்ததா என்றும் பாருங்கள்.

10. கனடாவில இருக்கிற அண்ணன்தான் காசு போடுறார். அவர் பேர்லயே எழுதலாமா?

இலங்கைக் குடியுரிமையோ இரட்டைக் குடியுரிமையோ இருந்தால் எழுதலாம். கனடாக் குடியுரிமை மட்டும் என்றால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. தம்பி பேரில் எழுதிவிட்டு "மனசாட்சிப்படி அண்ணனுடையது" என்று விடுவதில் பின்னால் குடும்பம் உடைந்த கதைகள்தான் அதிகம். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து முடித்துவிட்டு வாங்குவது தாமதமானாலும் சுத்தம்.

11. பேங்க்ல லோன் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் இழுக்கும். உறுதித் தேடல் அறிக்கை, புதிய நில அளவைப் படம், மாநகர சபையின் வீதிக்கோட்டுச் சான்றிதழ், சபைக்குச் சொத்து உரித்தாகவில்லை என்ற சான்றிதழ், வரி கட்டிய பற்றுச்சீட்டு, அனுமதி பெற்ற கட்டடப் படம், இணக்கச் சான்றிதழ் (எல்லோரும் சி.ஓ.சி. என்பது) ஆகியவற்றைக் கேட்பார்கள். கடைசி இரண்டும் பழைய வீட்டில் இருக்காது. சில வங்கிகள் அப்போது நிலத்தின் பெறுமதிக்கு மட்டும் கடன் தரும். வீதிக்கோட்டுச் சான்றிதழை முதலில் எடுங்கள். வீதியை அகலப்படுத்தும் கோடு உங்கள் முன் விறாந்தைக்குள் ஓடினால், அந்தப் பகுதியில் புதிதாக எதுவும் கட்ட முடியாது.

வரியை முழு வருடத்துக்கும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு. விற்பவர் வைத்துவிட்டுப் போகும் வரி நிலுவை சொத்தோடே வரும்.

12. வீட்டைப் பாக்கப் போறப்ப எதைப் பாக்கணும்?

தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே போகிறது என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். கண்டியில் ஒக்டோபர், நவம்பர் மழை கனமானது. பிற்பகல் மழை பெய்து ஓய்ந்த உடனே போய்ப் பார்த்தால் புதுப் பெயின்ட் மறைத்ததெல்லாம் தெரியும்.

ஏணி வைத்துக் கூரைக்குள் ஏறுங்கள். இரண்டு கூரைச் சாய்வு சேரும் பீலிக்கு அடியில் உள்ள மரமும், சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் முனையும்தான் முதலில் உளுக்கும். ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இலேசாக இறங்கினால் அந்த மரம் போய்விட்டது. கறையான் மண்கோடு சுவர் ஓரத்தில் ஓடுகிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். நடு முற்றத்தில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். அது தேங்காமல் வெளிவாய்க்காலுக்குப் போக வேண்டும். அடுத்த வீட்டுத் தண்ணீர் உங்கள் முற்றம் வழியாக ஓடுகிறதா என்றும் கவனியுங்கள். பத்து வருடத்துக்கு மேல் ஓடியிருந்தால் அவர்கள் அதை உரிமையாகவே கோரலாம். பின்வீட்டுக்காரர் நடக்கும் ஒழுங்கைக்கும் இதே கதைதான்.

சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறி உப்புப் பூத்திருந்தால், பெரும்பாலும் யாரோ சுண்ணாம்புச் சுவரின் மேல் சீமெந்து பூசியிருக்கிறார்கள். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சீமெந்து அதை மூடிவிடும். ஈரம் மேலே ஏறுகிறது, பூச்சு பாளம் பாளமாக விழுகிறது, மறுபடி சீமெந்து பூசுகிறார்கள். சீமெந்தைக் கொத்தி எடுத்து, இரண்டு வாரமாவது ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு கலந்து, மெல்லிய படைகளாகப் பூச வேண்டும். இந்த வேலை தெரிந்த மேசன் பாஸ் இப்போது குறைவு. ஆளைப் பிடித்த பிறகு திகதி குறியுங்கள்.

கட்டுக்கலைப் பக்கம் மெத எல என்ற கால்வாய்க்கு அருகே உள்ள வீடென்றால், கடைசியாக வெள்ளம் ஏறிய கோடு சுவரில் எங்கே என்று அயலாரைக் கேளுங்கள். வாவியின் மிகைநீர் அந்தக் கால்வாய் வழியாகத்தான் மகாவலிக்குப் போகிறது.

13. பின்னாடி மேடு, முன்னாடி பள்ளம். அணைச்சுவர் கொஞ்சம் வெடிச்சிருக்கு. பயப்படணுமா?

ஆம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலய வரைபடங்களை வைத்திருக்கிறது. குறிப்பிட்ட காணிக்கும் பரிசோதனை அறிக்கை கேட்கலாம். கண்டி மாவட்டத்தில் சரிவில் புதிதாகக் கட்ட அந்த அறிக்கை வேண்டும். வாங்கும் முன்பே எடுத்துவிடுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தில் கொண்டுவந்த மண்சரிவுகளுக்குப் பிறகு இதைத் தவிர்க்க ஒரு சாக்கும் இல்லை.

அணைச்சுவரில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலான பழைய கருங்கல் சுவர்கள் கல் பலவீனத்தால் விழுவதில்லை. பின்னால் தேங்கும் தண்ணீரின் தள்ளலால்தான் விழுகின்றன. வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதி, ஒரு மழைக்காலம் கழித்துப் பார்க்க அவகாசம் இருந்தால் நல்லது. சுவர் வயிறு தள்ளியிருந்தால் அவகாசம் வேண்டாம், பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

14. ஓட்டைக் கழட்டிட்டுத் தகடு போட்டா என்ன? வருசா வருசம் ஓடு மாத்த ஏலாது.

பட்டியலில் உள்ள வீடானால் 2ஆம் பதிலைப் பாருங்கள். அனுமதி இருந்தாலும் ஒன்று: பழைய கூரையைக் காற்றில் பிடித்து வைத்திருந்தது ஓட்டின் பாரம்தான். அதே மரத்தில் இலேசான தகட்டைப் போட்டால், கூரையைச் சுவரோடு இரும்புப் பட்டியால் கட்டியாக வேண்டும். மழைச் சத்தத்தில் பேச முடியாது, பகலில் மேல் மாடி வேகும்.

சிங்கள ஓட்டைவிடக் கள்ளிக்கோட்டை ஓட்டுக்குப் பராமரிப்புக் குறைவு. மழைக்கு முன், ஏப்ரலில் ஒரு தடவை ஏறி, நகர்ந்த ஓட்டைச் சரிசெய்து பீலியில் உள்ள சருகை அள்ளினால் போதும். அஸ்பெஸ்டஸ் கூரை ஏற்கெனவே இருந்தால் அதை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். கழற்றும்போது நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்குங்கள்.

15. கரன்ட், தண்ணி, கக்கூஸ்?

பழைய ரப்பர் உறை வயர் இருந்தால் முழுசாக மாற்றுங்கள், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சோடு. தண்ணீர் மாநகர சபையுடையது. பில்லை உங்கள் பேருக்கு மாற்ற உறுதிப் பிரதி வேண்டும். மலக்குழி எங்கே, அதை இறைக்க பவுசர் குழாய் எட்டுமா என்று கேளுங்கள். ஒடுங்கிய வீட்டில் அது குசினிக்கு அடியில் இருப்பதும் உண்டு.

16. பெரஹரா நேரத்துல எப்படி இருக்கிறது?

எசல பெரஹரா ஜூலை அல்லது ஓகஸ்டில் வரும். ஊர்வலம் போகும் வீதியென்றால் பிற்பகலிலேயே வாகனம் நின்றுவிடும், வீட்டுக்காரர்கள் நடந்துதான் வர வேண்டும். நோயாளி இருக்கும் வீடு அதற்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பல்கனியை வாடகைக்குக் கொடுக்க நினைத்தால் முதலில் மரத்தைக் குத்திப் பாருங்கள் (12ஆம் பதில்). ஆறு பேர் நிற்கக் கட்டிய பல்கனியில் நாற்பது பேர் ஏறுவார்கள். மற்ற நாட்களில் பெரிய தலைவலி வாகனம் நிறுத்த இடமில்லாததும் புகையும்தான்.

17. முன்பக்கத்தை அப்படியே வச்சுட்டுப் பின்னால மூணு மாடி ஏத்தினா யாருக்குத் தெரியும்?

மேலே மலையிலிருந்து பார்த்தாலே தெரியும். கண்டி கிண்ணம்போல் உள்ள ஊர். அனுமதியில்லாத கட்டடத்துக்கு நகர அபிவிருத்தி அதிகார சபை 28அ பிரிவின் கீழ் அறிவித்தல் கொடுத்து, நீதவானிடம் இடிக்கும் உத்தரவு வாங்கலாம். அதைவிடச் சீக்கிரம் வருவது பக்கத்து வீட்டுக்காரரின் வழக்கு. இந்த வீதிகளில் இரண்டு வீட்டுக்கு ஒரே பொதுச் சுவர்தான். அத்திவாரம் ஆழமில்லாத அந்தச் சுவரின் ஓரத்தில் நீங்கள் தூணுக்குக் குழி வெட்டினால் அவர்கள் பக்கம் இறங்கும். முதலில் பூர்வாங்கத் திட்ட அனுமதி, பிறகு பட்டயப் பொறியியலாளரின் வரைபடம், வேலை தொடங்கும் முன் இரு பக்கச் சுவர்களின் புகைப்படம். குழியைச் சுவர் நீளத்துக்கும் ஒரேயடியாக வெட்டாமல், நாலடி நாலடியாக விட்டு விட்டு வெட்டச் சொல்லுங்கள்.

18. எல்லாம் சரி. அட்வான்ஸ் குடுத்து ஒரு ஸ்டாம்ப்ல கையெழுத்து வாங்கிட்டா வீடு நமக்குத்தானே?

இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணியை விற்கும் ஒப்பந்தமும் நொத்தாரிசின் முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். முத்திரை ஒட்டிய ரசீதை வைத்துக் காசைத் திருப்பிக் கேட்கலாம், வீட்டை எழுதித் தரச் சொல்ல முடியாது. ஒப்பந்தத்தைக் காணிப் பதிவகத்திலும் பதியுங்கள். வாடகைக்காரர் வெளியேறும் திகதி, 5 முதல் 9 வரையான பதில்களில் சொன்ன கையெழுத்துகள், வரி நிலுவை, தவறினால் முற்பணம் திரும்பும் நாள் ஆகிய நான்கும் அதில் எழுத்தில் இருக்கட்டும். மீதிக் காசை வங்கிக் காசோலையாக, உறுதியில் கையெழுத்து விழும் அதே மேசையில் கொடுங்கள்.